பொய் விரல்

ஜாக்கெட் அளவு சொன்னாள் மேலத்தெருக்காரி.
என் காதில் விழுந்தது முப்பத்தாறு.
அவள் வாயிலிருந்து புறப்பட்டது முப்பத்தெட்டு.
கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி
கொக்கி எட்டவில்லை.
பட்டுத்துணிக் காசு நான் கொடுத்தேன்.
அதற்கப்புறம் யார் வந்தாலும்
பழைய ஜாக்கெட் ஒன்று கொண்டுவா என்றேன்.
துணி பேசினால் எனக்குப் புரியும்.

கும்பகோணத்துக் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள்
முந்திரிப்பருப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது.
ஒரு காதுக்கு இருபத்தெட்டாயிரம்.
தவணையும் உண்டு என்று
தாளில் எழுதிக் காட்டினான் பையன்.
ஒரு ஜாக்கெட்டுக்கு எனக்கு நூற்றிருபது.
ஆடுதுறை வருவதற்குள் கணக்கு முடிந்தது:
இருநூற்று முப்பத்துமூன்று ஜாக்கெட்,
நூல், கொக்கி, கரண்ட் சேர்க்காமல்.

கவர்மெண்டில் தருவாங்களே என்றாள்
குழுத்தலைவி லூர்துமேரி.
மாயவரம் பெரிய ஆஸ்பத்திரி, புதன்கிழமை மட்டும்.
டவுன் பஸ்ஸில் எனக்குக் காசில்லை.
ஆனால் ஒரு புதன்கிழமை நாலு ஜாக்கெட்டை விழுங்கும்.
காது சோதிக்கிற அறைக்கு வெளியே
பெயரை வாயால் கூப்பிடுகிறார்கள்.
தையல்நாயகி, தையல்நாயகி என்று
இரண்டு தடவை கூப்பிட்டார்களாம்.
நான் சுவரில் கொசுப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் சீட்டு அடியில் போய்விட்டது.

மூன்றாவது புதன் உள்ளே விட்டார்கள்.
சின்ன அறை, தலையில் ஹெட்போன்.
சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்க,
எவ்வளவு மெலிசா இருந்தாலும் சரி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பொத்தானை அமுக்கும்போதெல்லாம்
அந்தப் பெண்ணின் முழங்கை லேசாக அசைந்தது.
எட்டாவதில் ஃபெயில் ஆனவள் நான்.
முழங்கை அசைந்தது, விரலைத் தூக்கினேன்.
அசைந்தது, தூக்கினேன்.
ஒன்றைக்கூட விடவில்லை.

முப்பத்தொரு சதவீதம்.
நாற்பது இருந்தால்தான் அட்டை.
அட்டை இருந்தால்தான் மெஷின்.
பாஸ் பண்ணிவிட்டேன், அதனால் கிடையாது.

காவிரியில் தண்ணீர் வந்த வாரம் அது.
பாலத்தில் எல்லாரும் நின்று எட்டிப் பார்த்தோம்.
சத்தம் கேக்குதா என்றாள் லூர்துமேரி,
வாயைப் பெரிதாகத் திறந்து.
தலையாட்டினேன்.
ஆட்டிய பிறகுதான் உறைத்தது.
ஆறு வருஷமாக இதே வேலை.
சிரிப்பவர்களோடு சிரிப்பு,
கூலி குறைக்கச் சொன்னால் 'ஆகட்டும்',
மருமகன் என்ன கேட்டான் என்றே தெரியாமல்
'சரிங்க தம்பி.'
அப்படி ஒரு சரியில்
அரைப்பவுன் தோடு போயிற்று.

திரும்பப் போனேன்.
போன தடவை பொய் சொல்லிட்டேன்மா என்றேன், விரலால.
அவள் திட்டவில்லை.
நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.
விரலைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.
அது தானாக எழுந்தது,
இன்னொரு கையால் பிடித்தேன்.
வெள்ளைச் சுவர்.
ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.
அவ்வளவு ஒன்றுமில்லாததை
அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஐம்பத்துநாலு.

பிறகும் நாலு மாதம்.
ஆதாரில் தைய்யல்நாயகி,
ரேஷன் கார்டில் தையல்நாயகி.
ஒரு 'ய்' அடிக்க இ-சேவையில் இரண்டு நாள்.
வருமானச் சான்றில் ஒரு கையெழுத்து
கிராம அதிகாரியின் மச்சினன் கல்யாணம் முடியக் காத்திருந்தது.
மெஷின் இலவசம்.
காதுக்கு வார்த்த அச்சுக்கு அறுநூறு, குழுக்கடன்.
பத்து நாளைக்கு ஒரு பேட்டரி.
ராத்திரி அதன் நகத்தளவுக் கதவைத்
திறந்து வைத்துவிட்டுப் படுக்கிறேன், மிச்சம் பிடிக்க.

முதல் நாள் மாட்டிக்கொண்டு
கடை திறந்து மிதியில் காலை வைத்தேன்.
ஐயோ,
என் தையல் மெஷின் இப்படியா கத்துகிறது!
எத்தனை வருஷமாகவோ.
ஐந்து இடத்தில் எண்ணெய் விட்டேன்.

மேலத்தெருக்காரி வந்து நின்றாள்.
இப்ப நாற்பதாயிட்டேன் என்றாள்.
கேட்டது.
இருந்தாலும்
டேப்பை எடுத்தேன்.